பயறு முளைத்த மாடி

என் ஓரகத்தி சுந்தராம்பாளைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் தொண்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பென்னலூர் ஏரிக்கரையில் மாடு மேய்க்கிறவர்களுக்குக்கூட எங்கள் வீட்டில் அன்றைக்கு என்ன குழம்பு என்று தெரியும். அடுப்படியில் நின்று அவள் என்னைக் கேட்பது அதுவரைக்கும் போகும். ஆள் என்னவோ என் தோள் உயரம்தான்.

எங்கள் வீட்டுக்கு மாடி வந்ததும் அந்தத் தொண்டையால்தான். அவள் புருஷன் தசரதன் மூத்தவர், வீட்டில் எங்களுக்கெல்லாம் பெரியவர், நிலத்தைப் பார்த்துக்கொண்டார். அவருடைய தம்பி தணிகாசலம் என் வீட்டுக்காரர், அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை. எழுபத்தாறில் நான் கல்யாணமாகி வந்ததும், "சின்னஞ்சிறுசுங்க எங்க போயி பேசிக்கும்? மேல ஒரு ரூம்பு போடு" என்று பெரியவரை நச்சரித்துக் கட்ட வைத்தாள். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது, ஊருக்கே கேட்டிருக்கும். பெரியவர் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. அறைக்கு மேலே மொட்டைமாடி கிடைக்கும், பயறு மிளகாய் காயவைக்கலாம், ஆடு கோழி வாய் வைக்காது.

குடி போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. பங்குனி பிறந்தால் மேலே கொதிக்கும், கீழே பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருக்கும். மார்கழியில் அப்படியே தலைகீழ். கீழே சிமெண்டுத் தரையில் கால் வைக்க முடியாது, மேலே பகலெல்லாம் வெயில் வாங்கிய சுவர் கதகதப்பாக இருக்கும். ஒரே வீட்டில் இரண்டு சீமை. நாங்கள் கோடையில் வெந்தோம், அவர்கள் குளிரில் இருமினார்கள்.

என் வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட் போட்டதும் சிக்கல் முற்றியது. காலையில் வந்து படுத்தால் வெயில் ஏற ஏறத் தளம் சுடும். ஃபேன் போட்டால் அனல்தான் இறங்கும். கீழே படுக்கலாமென்றால் ஓரகத்தியின் பிள்ளைகள் நால்வர், பம்புசெட் விஷயமாகப் பெரியவரைத் தேடி வருகிறவர்கள், எல்லோருக்கும் மேலே அவள் குரல். மனுஷன் தூங்காமலே வேலைக்குப் போய் வந்தார். ஒருநாள் மெஷின் முன்னால் கண் அசந்து, விரல் போக வேண்டியது நகத்தோடு தப்பியது.

அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார். குன்றத்தூரில் ஓட்டு வீடு பார்த்தாயிற்று, வைகாசியில் தனிக்குடித்தனம். நான் டிரங்குப் பெட்டியில் துணிமணி அடுக்கத் தொடங்கினேன். எனக்குப் போக மனசில்லை, ஆனால் அவர் விரலைப் பார்த்துவிட்டு அடுத்த துணியை மடித்தேன்.

சுந்தராம்பாள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. "சித்திர முடியட்டும் மரகதம். அதுக்குள்ள அந்த ரூம்ப நான் குளுர வெக்கறேன்" என்றாள். என்னவோ ரூம்பு அவள் வளர்க்கும் கன்றுக்குட்டி மாதிரி.

ஈரக் கோணியை ஜன்னலில் கட்டினாள். புழுக்கம்தான் கூடியது. மொட்டைமாடியில் ஓலைப் பந்தல் போடலாமென்றாள். "என் பயறு எங்க காயும்? உன் தலையிலயா?" என்றார் பெரியவர். கடைசியில் பொழுது சாய்ந்ததும் குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிப் போய் மேலே கொட்டலானாள். கொட்டிய தண்ணீர் தூம்பு வழியாக ஓடிப்போய்விடும், காலையில் தளம் பழையபடி காயும்.

அந்தச் சமயத்தில் பெரியவர் ஓரம் மட்டும் விட்டுத் தளம் முழுக்க விதைப் பயறு பரப்பி, காக்கை குருவி கொத்தாமல் மேலே வைக்கோலும் கோணியும் போட்டு மூடிவிட்டு, வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். போகும்போது ஒரு காரியம் செய்திருக்கிறார். பயறு உருண்டு தூம்பு வழியாக விழக்கூடாதென்று அதில் பழைய துணியைத் திணித்து இறுக அடைத்துவிட்டார். சொல்லிவிட்டாவது போயிருக்கலாம்.

இவளுக்கு அது எங்கே தெரியும்? பயறு நனையாமல் ஓரமாகத்தான் ஊற்றுகிறோம் என்று இருட்டுகிற நேரத்தில் அன்றைக்கும் மறுநாளும் குடம் குடமாக ஊற்றினாள். தண்ணீர் போக வழியில்லாமல் கோணிக்கு அடியில் பரவி நின்றுவிட்டது. சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் போட்டு இடித்த தளம், ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அடுத்த நாள் என் வீட்டுக்காரர் காலையில் படுத்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. மேலே ஓடினேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது, வேர்வை இல்லை. குறட்டை மட்டும் பலமாக இருந்தது. அப்போதுதான் அறையே குளிர்ந்திருப்பது எனக்கு உறைத்தது. ஓரகத்தியை மேலே இழுத்து வந்து காட்டினேன். இரண்டு பேரும் அந்தக் குறட்டையைக் கச்சேரி மாதிரி உட்கார்ந்து கேட்டோம்.

அந்த நேரம் பார்த்துப் பெரியவர் வந்து சேர்ந்தார். அவர் எப்போதும் படியில் செருமிக்கொண்டே ஏறுவார், எங்கள் அறைப் பக்கம் திரும்பாமல் மேலே போய்விடுவார். எங்களில் தம்பி பெண்டாட்டி மூத்தார் எதிரே நிற்கக்கூடாது, பேசக்கூடாது. அவர் செருமியதும் நான் கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

மேலேயிருந்து இடி இடித்தது. "ஏ சுந்தரா, இன்னாடி பண்ணி வெச்சிக்கீறே? வெதப் பயறு பூரா மொளச்சிக்கீது."

சுந்தராம்பாள் வாசலுக்குப் போனாள். திருப்பிக் கத்தப் போகிறாள், இவர் விழித்துக்கொள்ளப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவளோ உதட்டில் விரலை வைத்து, காற்றோடு காற்றாகச் சொன்னாள்: "கத்தாதய்யா. தம்பி தூங்குது."

அவள் குரல் இறங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பெரியவர் இறங்கி வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வாயைப் பிளந்துகொண்டு தூங்கும் தம்பியை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

முளைப்பயறு தெரு முழுக்கச் சுண்டலாகப் போயிற்று. மறுவாரம் பெரியவரே தளத்தில் வைக்கோல் பரப்பி, கோணி போட்டு, தூம்பைத் தன் கையால் அடைத்தார். தினமும் தண்ணீர் ஊற்றினார். பயறு வாசலுக்கு இறங்கியது, கோழி விரட்டும் வேலை அவருக்கே வந்தது. வைகாசி வந்தது. குன்றத்தூர்ப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆனாலும் டிரங்குப் பெட்டி கட்டினது கட்டினபடியே மூலையில் இருந்தது. அடுத்த கோடையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

மார்கழியில் வைக்கோலை வாரிவிட்டுத் தளத்தில் வெயில் விழவைத்தாள் சுந்தராம்பாள். சாயங்காலம் பிள்ளைகளையும் பாயையும் வாரிக்கொண்டு மேலே வந்து, அறை நடுவே புடவையைத் திரையாகக் கட்டினாள். பெரியவர் மட்டும் வரவில்லை. "தம்பி பொண்டாட்டி கீற எடத்துல நான் எப்டி வர்றது?" என்று படியடியில் நின்று இருமிக்கொண்டிருந்தார்.

சுந்தராம்பாள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அவள் வாய் திறக்காமல் இருந்ததுதான் என்னைப் படி வரைக்கும் தள்ளியது.

"மேல வாங்க மாமா. கீழ குளுருது" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு.

இருமல் நின்றது. பிறகு படியில் காலடி கேட்டது. அவர் செருமாமல் ஏறி வந்தார். நான் மூலைக்குப் போய், குன்றத்தூருக்குக் கட்டிவைத்த பெட்டியைத் திறந்து, அடியிலிருந்த கம்பளியை எடுத்து அவருக்குக் கொடுத்தேன்.