எலன் அழுத காட்சி

போன வாரம் லண்டன், ரெய்னர்ஸ் லேன் வீட்டுக் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது மகள் தன் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அம்மா, லுக் அட் திஸ். ஸோ டிஸ்கஸ்டிங்."

பழைய ஹொலிவூட் பேசாப் படம் ஒன்றின் துண்டு. இரண்டு நிமிடம் ஓடியது. நெற்றிச்சுட்டியும் மூக்குத்தியும் போட்ட ஒரு ராஜகுமாரி தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணை உருட்டினாள். முகம், கை எல்லாம் கரிய மை. பூசியவர் பிடரியை மறந்துவிட்டார் போலிருக்கிறது. அவள் திரும்பியபோது வெள்ளைத் தோல் பளிச்சென்று தெரிந்தது. படத்துக்குக் கீழே ஆயிரம் பேர் திட்டியிருந்தார்கள். மகளும் திட்டினாள். அவள் கோபத்தில் பிழை ஒன்றும் இல்லை.

"இவவை எனக்குத் தெரியும். நான் இவவுக்குத் தலைக்குத் தண்ணி வாத்தனான்," என்றேன்.

மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வெங்காயம் என் மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பாள். வேலைக்கு நேரமாகிவிட்டதால் விளக்கம் கேட்காமல் போய்விட்டாள். உங்களுக்கு நேரமிருக்கும் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்.

நான் லண்டனுக்கு வந்த புதிது. அகதி வழக்கு முடியவில்லை. வேலை செய்யும் அனுமதி மட்டும் கிடைத்திருந்தது. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் கழுவித் துடைக்கிற, குளிப்பாட்டுகிற வேலை. யாழ்ப்பாணத்தில் நான் ஆங்கில ஆசிரியை. செய்வினை, செயப்பாட்டுவினை எல்லாம் கரும்பலகையில் கோடு போட்டுப் பிரித்துக் காட்டியவள். அந்தப் பெருமையோடு இல்லத்துக்குள் காலடி எடுத்து வைத்தால், அங்கிருந்த கிழவர்கள் பேசிய கிழக்கு லண்டன் ஆங்கிலம் ஒன்றும் விளங்கவில்லை. தேநீர் கேட்டவருக்குக் கழிப்பறையைக் காட்டியிருக்கிறேன்.

கட்டடம் முழுக்க அவித்த முட்டைக்கோவா மணம். பதினோராம் அறையில் மட்டும் கோல்ட் கிறீம் மணந்தது. இன்றும் மருந்துக்கடைகளில் அந்த மணம் வந்தால் நான் அடுத்த வரிசைக்குப் போய்விடுவேன். அந்த அறையில்தான் எலன் இருந்தார். தொண்ணூறு வயது, எலும்பும் தோலும், கண் பாதிதான் தெரியும். காலையும் மாலையும் அரை மணி நேரம் முகத்தில் கிறீம் பூசித் துடைப்பார். துடைத்தெடுக்க முகத்தில் மை ஒன்றும் இல்லை, ஆனாலும் துடைப்பார்.

முதல் நாள் என் மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவர் பேசிய ஆங்கிலத்தை என் தமிழில்தான் சொல்ல முடியும்.

"இந்த நிறம் வரவேண்டுமெண்டால் எங்களுக்கு மூண்டு டின் மை கலக்க வேணும். உமக்குச் சும்மா தந்திருக்கினம்."

துணி அடுக்குகிற அறைக்குள் போய் நின்று அழுதேன். தலைமைத் தாதி சகுந்தலா அக்கா வந்து பார்த்தார். மதுரைக்காரர், இருபது வருடம் லண்டனில் இருந்தும் பேச்சில் மதுரை குறையாதவர்.

"ஆமா, அந்தம்மா எல்லாருகிட்டயும் இப்படித்தான். என்னையப் பாத்து, நீ ரொம்ப கறுப்பு, லைட்டுக்கு எடுபடமாட்டேன்னுச்சு. சினிமாக்காரி. விடு."

சினிமாக்காரி என்றதும் எனக்கு அழுகை நின்றுவிட்டது. என் புத்தி அப்படி.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஓட்ஸ் கஞ்சி ஊட்டும்போது அவர் கதையைத் துண்டு துண்டாகக் கேட்டேன். பிறந்தது அந்த இல்லத்துக்கு இரண்டு தெரு தள்ளி. தகப்பன் சவர்க்காரத் தொழிற்சாலையில் வேலை. பதினாறு வயதில் நாடகக் கொட்டகையில் ஆடத் தொடங்கி, ஒரு குழுவோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியிருக்கிறார். குழு நடுவழியில் கலைந்தது. ஊர் திரும்பாமல் கலிபோர்னியாவுக்கு ரயில் ஏறினார். படக் கம்பெனியின் வாசலில் வேலை தேடி நின்ற வரிசையில் ஒருவன் இவருடைய கறுத்த முடியையும் பெரிய கண்ணையும் பார்த்து, "கிழக்கத்தியப் பெண்ணுக்குச் சரி," என்றானாம்.

அதோடு எலன் இல்லாமல் போனார். கம்பெனி அவருக்கு ஸொராயா வேல் என்று பெயர் வைத்தது. வேல் என்றதும் எனக்கு நல்லூர்க் கந்தன் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அவருக்கு ஏனென்று சொல்லி விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை. தாய் உடன்கட்டை ஏறிய ஒரு ராணி, தகப்பன் பிரெஞ்சுக் கப்டன் என்று பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள். வீட்டாரைச் சந்திக்கக் கூடாது, பத்திரிகைக்காரர் முன்னால் வாய் திறக்கக் கூடாது, வெயிலில் நிற்கக் கூடாது. இவ்வளவும் ஒப்பந்தத்தில் இருந்ததாம்.

"வெயிலிலை ஏன் நிக்கக் கூடாது?" என்று கேட்டேன்.

"நிறத்தை அவங்கள்தான் பூசவேணும். வெயில் பூசக் கூடாது."

கோயில் நர்த்தகி, அடிமைப் பெண், ராஜகுமாரி. எதுவானாலும் கடைசியில் சாகவேண்டும். இவர் செத்தால்தான் கதாநாயகன் வெள்ளைக்காரியிடம் போகலாம். "அந்த வெள்ளைக்காரியும் நானும் மத்தியானம் ஒரே மேசையிலை சாப்பிடுறனாங்கள். எனக்கு மட்டும் மை கரையாமல் குழாயாலை சூப்," என்றார். நீளமான கார், தோல் அங்கி, வாசலில் கூட்டம் எல்லாம் இருந்தன. அவற்றைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. முகம் எரிந்ததைப் பற்றித்தான் பேசுவார்.

பிறகு பேசும் படம் வந்தது. குரல் பரிசோதனைக்குக் கூப்பிட்டு, 'பிரபுவே, என் இதயம் உங்களுடையது' என்ற வசனத்தைச் சொல்லச் சொன்னார்கள். கிழக்கு லண்டன்காரருக்கு ஹகரம் வராது. 'ஹார்ட்' என்பதை 'ஆர்ட்' என்றிருக்கிறார். முதலில் ஒலிப்பதிவுக்காரன் சிரித்தான், பிறகு எல்லோரும். சில வாரங்களில் கம்பெனி வாசற்காவலாளி அவரிடம் பெயர் கேட்டானாம். அதன் பிறகு தொப்பிக்கடை. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் லண்டன் திரும்பிச் சலவைச்சாலை. அங்கே யாருக்கும் ஸொராயா வேலைத் தெரியாது. எனக்கு ஒரு எழுத்தும் விளங்காத அந்தப் பேச்சுத்தான் அவர் வேலையையும் தின்றது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் குரோய்டனுக்கு அகதி வழக்கு விசாரணைக்குப் போய்வந்த மறுநாள் அவர் கேட்ட முதல் கேள்வி, "உம்மையும் பேசவிட்டுப் பாத்தவங்களோ?"

"ஓம்."

"சிரிச்சவங்களோ?"

"இல்லை. எழுதினவங்கள்."

"அது இன்னும் மோசம்," என்றார்.

வசந்தத்தில் பழைய படம் சேர்க்கிற ஒரு சங்கத்தார் இல்லத்துக்கு வந்தார்கள். ஸொராயா வேல் நடித்த படம் ஒன்றின் சுருள் எங்கோ கிடைத்துவிட்டதாம். ஒரு மண்டபத்தில் காட்டப்போகிறார்களாம், அம்மையார் வரவேண்டுமாம். எலன் மூன்று நாள் மாட்டேன் என்றார். நாலாம் நாள் என்னிடம் உதட்டுச் சாயம் வாங்கிவரச் சொன்னார். இல்லத்து மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டு, நான் சேலையில் வந்தால் பொருத்தமாக இருக்கும் என்றார். எதற்குப் பொருத்தம் என்று நான் கேட்கவில்லை. வழக்கு முடியாதவர்கள் அதிகம் கேட்கமாட்டார்கள். சகுந்தலா அக்காவிடம் ஒரு பச்சைப் பட்டுச் சேலை இரவல் வாங்கினேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையோரத்தில் ஒருவர் பியானோ வாசித்தார். எலனின் சக்கர நாற்காலியை முதல் வரிசையில் நிறுத்தி, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். அவருக்குத் திரையில் வெளிச்சம் அசைவது மட்டும்தான் தெரியும். நான்தான் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்: இப்போது குதிரை வருகிறது, இப்போது நீங்கள் மாடத்தில் நிற்கிறீர்கள்.

முடிவுக்குக் கிட்ட, இறந்துபோன இளவரசனின் மேல் விழுந்து ராஜகுமாரி அழும் காட்சி. வாய் கோணி, மார்பில் அடித்து, மை கண்ணீரில் வழிந்து கோடு கோடாய் இறங்கியது. பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அது பற்றிப் பரவியது. மண்டபமே சிரித்தது. பியானோக்காரரும் அதற்கேற்ற மாதிரித் துள்ளலாய் ஏதோ வாசித்தார்.

எலன் என் கையைப் பிடித்தார். "என்னத்துக்குச் சிரிக்கினம்?"

"ஒரு பகிடிக்காரன் வாறான்," என்றேன்.

"இந்தப் படத்திலை பகிடிக்காரன் இல்லை."

அதன் பிறகு அவர் கேட்கவில்லை. நானும் காதுக்குள் சொல்வதை நிறுத்தினேன். விளக்கு எரிந்ததும் கைதட்டினார்கள், பூச்செண்டு கொடுத்தார்கள். படம்பிடிப்பவர் என்னை நாற்காலிக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். அந்த வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் அது வந்தது, 'ராஜகுமாரியும் பணிப்பெண்ணும்' என்ற தலைப்போடு. சேலை மிக அழகாக விழுந்திருந்தது.

ஒரு வாரம் எலன் கிறீமைத் தொடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். ஒரு பின்னேரம் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "சொல்லும். எந்த இடத்திலை சிரிச்சவை?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு பொய் சொல்லி அகப்பட்டவள் என்பதால் உண்மையைச் சொன்னேன்.

"நீங்கள் அழுகிற இடத்திலை."

அவர் போர்வையை இழுத்துச் சரி செய்தார். பிறகு மெல்லச் சொன்னார். "அண்டைக்குக் காலமைதான் தம்பியின்ரை தந்தி வந்தது, அம்மா செத்துப்போனா எண்டு. பத்திரிகையிலை என்ரை தாய் எப்பவோ நெருப்பிலை விழுந்த ராணி. செத்த ஆள் இன்னொருக்கால் சாகேலாது. கறுப்புச் சட்டை போடக்கூடாது, ஊருக்குப் போகக்கூடாது எண்டவங்கள். அழுகிற காட்சி மத்தியானம் இருந்தது. அதிலை அழுதன். நான் நடிச்ச எல்லாப் படத்திலையும் அந்த ஒரு இடத்திலைதான் நான் நடிக்கேல்லை."

நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. யாருக்காகக் கேட்பது என்றும் தெரியவில்லை.

அடுத்த மாரியில் என் அம்மா யாழ்ப்பாணத்தில் இறந்த செய்தி இல்லத்துத் தொலைபேசிக்கு வந்தது. கையில் கடவுச்சீட்டு இல்லை, போக வழியில்லை. அன்றைய ஷிப்டை முடித்தேன். பதினான்கு பேருக்குச் சாப்பாடு ஊட்டினேன். என்னைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். எலன் மட்டும் செய்தி கேட்டு, "அழ இடம் கிடைச்சதோ?" என்றார். துணி அடுக்குகிற அறையைச் சொன்னேன். "கதவைப் பூட்டும்," என்றார்.

மூன்று மாதத்தில் அவரும் போனார். எரியூட்டும்போது நாங்கள் மூன்று பேர்: மேனேஜர், சகுந்தலா அக்கா, நான். சங்கத்தார் எழுதிய அஞ்சலிக் குறிப்பில் ராணியும் உடன்கட்டையும் திரும்ப வந்திருந்தன. எலன் என்ற பெயர் அதில் இல்லை.

அறையைக் காலி செய்யும் வேலை எனக்கும் அக்காவுக்கும் விழுந்தது. மெத்தைக்கு அடியில் ஒரு கட்டுக் கடிதம். உறையில் எலனின் பெயர், அமெரிக்கப் படக் கம்பெனியின் விலாசம்; பின்பக்கம் இரண்டு தெரு தள்ளியிருந்த தாய்வீட்டு விலாசம். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. கம்பெனிக்காரர் பிடித்து வைத்திருந்து, வேலையை விட்டு நிறுத்தியபோது ஒன்றாகக் கொடுத்திருக்கவேண்டும் என்றார் அக்கா. தாய் உயிரோடு இருந்தபோது வந்து சேராத கடிதங்களை இவர் அறுபது வருடம் பிரிக்காமல் வைத்திருந்திருக்கிறார்.

"நீ எடுத்துட்டுப் போ. யாரு கேக்கப்போறா?" என்றார் அக்கா.

இல்லத்துப் பொருளை ஊழியர் தொடக்கூடாது என்று சட்டம். மேனேஜர் எல்லாவற்றையும் வீசச் சொல்லியிருந்தார்.

"ஏலாது அக்கா. என்ரை கேஸ் இன்னும் முடியேல்லை."

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், அவரும் எடுக்கவில்லை. கட்டைக் குப்பைப் பையில் நான்தான் போட்டேன். கவுன்சில் லொறி வந்து கொண்டுபோனது.

இல்லத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். மண்டபம் உடற்பயிற்சிக்கூடம் ஆகிவிட்டது. அக்கா மதுரைக்குத் திரும்பிப் போய் அங்கேயே கண்ணை மூடினார். லொறி போன இரண்டாம் மாதம் என் வழக்குக்குச் சரி என்று பதில் வந்தது. அதில் கடிதக்கட்டைப் பற்றி யாரும் கேட்டிருக்கவில்லை. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு தாய் தன் மகளுக்கு என்ன எழுதினாள் என்று இனி ஒருவருக்கும் தெரியாது. அதை வாசித்திருக்கக்கூடிய கடைசி ஆள் நான். அன்றைக்குப் பையின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு, அடுத்த அறைக்குப் போனேன்.