ஒற்றைக் காதும் இரண்டு டெக்குகளும்

எனக்கு இடது காது கேட்காது. இன்றைக்கு இதை டீக்கடையில் உட்கார்ந்து யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிவிடுவேன். நானும் என் கூட்டாளியும் முதன்முதலாக டிஜே சாமான்கள் வாங்கப் போன சமயத்தில், பெற்ற அம்மாவுக்கே அது தெரியாது.

தமிழ்ப்பள்ளியில் படித்தபோது எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. அம்மா தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். வீட்டுக்கு எதிரே மளிகைக்கடை வைத்திருந்த சீன அம்மா, தூரிகையை நீல மையில் தொட்டு என் கன்னத்தில் ஏதோ எழுதிவிட்டார். வீக்கம் வடிந்தது. தங்கத்தால்தான் வடிந்தது என்று அம்மாவும், மையால்தான் வடிந்தது என்று சீன அம்மாவும் ஆளுக்கு ஆள் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷத்தின் நடுவே, ஒரு பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? வீக்கம் மாதிரி இதுவும் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன். சரியாகவில்லை. அதற்குள் சொல்லும் வயசும் போய்விட்டது.

மறைப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. நாலு பேராக நடந்தால் இடது ஓரம் எனக்கு. சாப்பாட்டு மேசையில் இடது கோடி எனக்கு. போன் எப்போதும் வலது காதில். யாராவது இடது பக்கமிருந்து கூப்பிட்டு நான் திரும்பாமல் போனால், திமிர் பிடித்தவன் என்பார்கள். அந்தப் பெயரை நான் ஆசையாகவே வைத்துக்கொண்டேன். செவிடன் என்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கூட்டாளி என்னோடு அதே தமிழ்ப்பள்ளியில் படித்தவன். பிறகு இருவருக்கும் கூலிமில் ஒரே கம்பெனியில் வேலை. லூனாஸில் ஒரே தாமானில், ஒரே குடியிருப்பில், வீடு. அவனுக்குப் பழைய ரெக்கார்டு என்றால் உயிர். சுங்கைப் பட்டாணி சந்தையில் பழைய சாமான் விற்பவர்களிடம் பொறுக்கி எடுத்து, ஒரு அட்டைப்பெட்டி நிறைய இசைத்தட்டு சேர்த்து வைத்திருந்தான். போட்டுக் கேட்க வீட்டில் ஒரு மெஷினும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை வெளியே எடுத்து, மெல்லிய துணியால் துடைத்து, மறுபடி உறையில் போடுவான். இது என்னடா பைத்தியக்காரத்தனம் என்று நான் கேட்டால், வண்டி துடைக்கிறவனை யாரும் கேக்கிறதில்லையே என்பான்.

அவனுடைய தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. காலையில் கோவிலில் தாலி, மதியம் லூனாஸில் ஒரு மண்டபத்தில் விருந்து. பினாங்கிலிருந்து டிஜே கூப்பிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, இவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “பாட்டு என் பொறுப்பு. நானும் அவனும் பாத்துக்கிறோம்” என்று சொல்லிவிட்டான். அந்த அவன் நான்தான்.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. பெரிய ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றால் தாளம் நெஞ்சுக்குள் இறங்கும். நெஞ்சுக்கு இடது வலது கிடையாது. அங்கே மட்டும்தான் நான் முழுதாகக் கேட்கிற ஆள் என்று எனக்குத் தோன்றும். இதை விட்டால் வேறு எதிலும் எனக்குப் பெரிய ஆசை இருந்ததில்லை.

அந்த ஆசையில் மண் விழ ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு பிறந்தநாள் விருந்தில் டிஜே ஒருவரை அருகில் நின்று பார்த்தேன். அவர் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்திருந்தார். அந்தக் காதில், அடுத்து வரப்போகிற பாட்டு. திறந்திருந்த மறு காதில், மண்டபத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு. இரண்டின் வேகத்தையும் காதாலேயே ஒத்துப் பார்த்து, ஒன்றை ஒன்றுக்குள் நுழைத்தார். ஜனங்கள் ஆட்டத்தை நிறுத்தவே இல்லை. இந்த வேலைக்கு இரண்டு காது வேண்டும்.

அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. கூட்டாளியிடம் சொன்னால் என்ன ஆகும் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். திட்டமாட்டான். பாவப்படுவான். நீ ஒயரைப் பாத்துக்க, பாட்டை நான் பாத்துக்கிறேன் என்பான். அதைக் கேட்பதற்குத்தான் பயந்தேன்.

சுங்கைப் பட்டாணியில் ஒரு அண்ணன் கல்யாணங்களுக்குப் பாட்டுப் போடும் தொழிலை விட்டுவிட்டுச் சிங்கப்பூர் போவதாகவும், சாமான்களை விற்பதாகவும் கேள்விப்பட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிவிட்டு மோட்டாரில் கிளம்பினோம். அவன் ஓட்ட, நான் பின்னால். அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். பேச வேண்டுமென்றால் எப்போதும் வலது பக்கம், எதிரே வண்டி வருகிற பக்கம், தலையைத் திருப்பித்தான் கத்துவான். அன்றைக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று உரசுகிற மாதிரி போனது. “லாரி வர்ற பக்கம் திரும்பாதடான்னு எத்தனை தடவை சொல்றது? அந்தப் பக்கம் திரும்பிப் பேசினா வாய் வெந்துருமா?” என்று முதுகில் குத்தினேன். அவன் சிரித்துவிட்டு, வலது பக்கமே திரும்பி, “டர்ன்டேபிள்தான் எடுக்கிறோம், சரியா?” என்றான்.

அண்ணன் வீட்டு முன்கூடத்தில் இரண்டு செட்டும் தயாராக இருந்தன. நடுவில், இரண்டு பாட்டையும் கலந்து விடும் மிக்சர். அதன் இரு பக்கமும், இசைத்தட்டுப் போடும் டர்ன்டேபிள் இரண்டு. கீழே துண்டு விரித்து, சிடி டெக் இரண்டு.

“மிக்சர் எதோட வேணும்னாலும் வரும். இந்த ரெண்டு செட்டுல ஒண்ணை எடுத்துக்குங்க. இன்னொண்ணைப் பினாங்குல ஒருத்தன் கேட்டுட்டே இருக்கான். இன்னிக்கே சொல்லிடணும்லா தம்பி” என்றார் அண்ணன்.

கூட்டாளி தன் பெட்டியிலிருந்து இரண்டு தட்டைக் கொண்டுவந்திருந்தான். முதலாவதை வைத்து ஊசியை இறக்கினான். வருஷக்கணக்காகத் துடைத்து மட்டுமே வந்த தட்டிலிருந்து முதல்முறையாகப் பாட்டு வந்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். முதல் சம்பளம் வாங்கிய அன்றுகூட அவன் அப்படி இருந்ததில்லை. விரலால் தட்டை லேசாகப் பிடித்தான், விட்டான். பாட்டு அவன் கைக்குள் நின்றது, ஓடியது.

“மச்சான், நீ பாரு” என்று ஹெட்போனை நீட்டினான்.

வலது காதில் வைத்தேன். அடுத்த பாட்டு நன்றாகக் கேட்டது. ஆனால் கூடத்தில் ஓடிய பாட்டு எனக்குக் காணாமல் போய்விட்டது. “தம்பி, ஒரு காதை வெளிய விடுங்க, அப்பதான் ரூம் பாட்டு கேக்கும்” என்றார் அண்ணன். சரி என்று இடது காதுக்கு மாற்றினேன். இப்போது கூடம் கேட்டது, ஹெட்போன் செத்துவிட்டது. கேட்கிற மாதிரி தலையை ஆட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டேன், பெரிய டிஜேக்கள் அப்படிச் செய்வதைப் பார்த்திருந்ததால். குத்துமதிப்பாகத் தட்டை விட்டேன். இரண்டு பாட்டும் முட்டிக்கொண்டு, படியில் சட்டி பானை உருண்டு விழுந்த மாதிரி ஒரு சத்தம். அண்ணன் சிரித்தார். கூட்டாளி சிரிக்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது எனக்கு.

“சிடியையும் பாத்துருவோமே” என்றேன், அவசர அவசரமாக.

சிடி டெக்கில் ஒரு சின்னத் திரை இருந்தது. பாட்டின் வேகம் அதில் எண்ணாகத் தெரிந்தது. இரண்டு டெக்கிலும் எண்ணை ஒன்றாக்கி, தாளம் விழும் இடத்தில் பொத்தானை அமுக்கினேன். ஓரளவுக்கு ஒட்டிக்கொண்டது. போன உயிர் திரும்பி வந்தது. காது செய்ய வேண்டிய வேலையில் பாதியைக் கண் செய்துவிடும். எனக்கு வேண்டியது இதுதான்.

உடனே வக்கீல் ஆகிவிட்டேன். மண்டபத்து மேடை பலகை மேடை, நாலு பேர் குதித்தால் ஊசி எகிறும் என்றேன். இப்போது வரும் பாட்டெல்லாம் ரெக்கார்டில் எங்கே கிடைக்கிறது, சிடி என்றால் வீட்டிலேயே பதிந்துகொள்ளலாம் என்றேன். தூக்க லேசு, வண்டியில் இடம் பிடிக்காது என்றேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அதில் ஒன்றுகூட என்னுடைய காரணம் இல்லை. அவன் ஒற்றைக் காலில் நிற்பான், நான் தோற்றுவிடுவேன் என்று பயந்துகொண்டே பேசினேன்.

அவன் டர்ன்டேபிளின் மூடியைத் தடவியபடி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். “சரிலா. சிடியே எடுத்துக்குவோம்” என்றான். அவ்வளவுதான். தட்டுகளை உறையில் போட்டு, பையின் அடியில் வைத்தான். ஜெயித்ததில் எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

அவன் வீட்டு முன்னறையில் தினமும் வேலை முடிந்து பயிற்சி செய்தோம். இரண்டாம் வாரமே அந்த வயிற்றெரிச்சல் வந்தது. மிக்சரில் ஹெட்போனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு. சும்மா திருகிப் பார்த்தேன். நடுவில் நிறுத்தியபோது, ஓடுகிற பாட்டும் அடுத்த பாட்டும் ஒன்றாக என் வலது காதுக்குள்ளேயே கேட்டன. ஒரு காது போதும்! முதலிலேயே மிக்சரைத் தடவிப் பார்த்திருந்தால் டர்ன்டேபிளையே வாங்கியிருக்கலாம். அண்ணனுக்குப் போன் போட்டேன். பினாங்குக்காரன் மறுநாளே வந்து தூக்கிப்போய்விட்டானாம். கூட்டாளியின் அட்டைப்பெட்டி அலமாரி மேல் ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை துடைப்பதும் நின்றுபோயிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வரும். சொன்னால் காதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விழுங்கிவிடுவேன்.

கல்யாணத்தன்று இன்னொரு வம்பு காத்திருந்தது. என் இடது பக்கம் சுவர் இருக்கிற மாதிரி மேசை போடலாம் என்று நினைத்திருந்தேன். பிளக் இருந்ததோ எதிர் மூலையில். அங்கே போட்டதில் இடது பக்கம் முழுக்க மண்டபத்துக்குத் திறந்துவிட்டது. வலது பக்கம் சுவரும் ஸ்பீக்கர் பெட்டிகளும், நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் இடம். வருகிறவர்கள் எல்லாம் என் செத்த காதுப் பக்கம்தான் வருவார்கள். சொல்லி மாற்றவும் வழியில்லை, சொல்லாமல் நிற்கவும் தைரியமில்லை.

பயந்தபடியே நடந்தது. பெண்ணின் பெரியம்மா இடது பக்கம் வந்து வாயை அசைத்தார். ஸ்பீக்கர் அலறலில் ஒரு எழுத்தும் புரியவில்லை. சிரித்துத் தலையை ஆட்டினேன். அவர் திருப்தியாகப் போனார். பாட்டு பாட்டுக்கு ஓடியது. திடீரென்று வாசலைப் பார்த்தால் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு நிற்கிறார்கள், பெண்ணின் அப்பா கையை வீசுகிறார், சபையே என்னைத் திரும்பிப் பார்க்கிறது. அந்த அம்மாள் சொன்னது, வர்றாங்க, பாட்டை மாத்து என்பது. கூட்டாளி வாசலிலிருந்து இரு கையையும் ஆட்டினான். நான் பதறி வரவேற்புப் பாட்டைப் போட்டேன். அவன் தங்கை சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தது. ஆனால் என் தலை நிமிரவில்லை. முடிந்தது, இன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு இடது பக்கம் ஒருவரும் வரவில்லை. பாட்டு கேட்க வந்தவர்கள் எல்லாரும் மேசையைச் சுற்றி, சுவரை உரசி, பட்டுப்புடவை ஸ்பீக்கர் ஒயரில் மாட்ட, ஒருக்களித்து நுழைந்து, என் வலது காதில் வந்து சொன்னார்கள். பெரியம்மாவும் அப்படித்தான் மூச்சிரைக்க வந்தார்.

“ஏம்மா சுத்தி வர்றீங்க? அந்தப் பக்கம் காலியாத்தானே இருக்கு” என்றேன்.

“உன் கூட்டாளிதான்பா சொன்னான். சின்னப் புள்ளையிலேருந்தே உனக்கு அந்தக் காது கேக்காதாமே? மொதல்லயே சொல்லியிருந்தா நானும் கத்தியிருக்க மாட்டேன்லா” என்றார் அவர். மகனுக்குப் பிடிக்கும் பாட்டு ஒன்றைச் சொல்லிவிட்டு, மறுபடி ஒயரைத் தாண்டிப் போனார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். சின்ன வயதிலிருந்தே தெரியுமா? தெரிந்தும் என்னை இத்தனை மாதம் வேக விட்டானா? பிறகுதான் மோட்டார் ஞாபகம் வந்தது. எதிரே லாரி வர வர வலது பக்கமே திரும்பிக் கத்திய தலை. பிறகு அந்த முன்கூடம். மூடியைத் தடவிக்கொண்டு அவன் என்னைப் பார்த்த பார்வை. நான் அடுக்கிய காரணங்களுக்காக அவன் அன்றைக்கு டர்ன்டேபிளை விடவில்லை. எனக்காக விட்டான். கண் கலங்கி, டெக்கின் எண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

அப்போது அவனே வந்தான், இடது பக்கமாக. வேண்டுமென்றே வந்தானா, வேலை மும்முரத்தில் மறந்து வந்தானா, இன்றுவரை நான் கேட்கவில்லை. வாய் அசைந்தது. பழக்கதோஷத்தில் தலை ஆடப் பார்த்தது. நிறுத்திக்கொண்டேன்.

“டேய், எனக்கு அந்தக் காது கேக்காதுடா. இந்தப் பக்கம் வந்து சொல்லு.”

என் வாயால் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் மேசையைச் சுற்றினான். வயிற்றை எக்கிக்கொண்டு சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நுழைந்து, என் வலது காதருகே வந்தான்.

“பிரியாணி முடியப் போவுது, போய்ச் சாப்பிடு, நான் நிக்கிறேன்னு சொன்னேன்.”

ஹெட்போனைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். பந்தியில் உட்கார்ந்து முதல் வாய் வைப்பதற்குள், இரண்டு பாட்டும் முட்டிக்கொண்டு சட்டி பானை உருளும் சத்தம் கேட்டது. இரண்டு காதும் நன்றாக இருக்கிறவன்.