செல்லாச்சி வீட்டுக் கலியாணத்து மெழுகுதிரிகள்

கரம்பொன்னில் வெறுமனே செல்லாச்சி என்று சொன்னால் "எந்தச் செல்லாச்சி?" என்று கேட்பார்கள். மெழுகுதிரிச் செல்லாச்சி என்றால் ஊர்காவற்றுறைத் துறைமுகம் வரைக்கும் தெரியும். அந்தப் பெயர் வந்த விதம் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லித் திரிகிறார்கள். அத்தனையும் புளுகு! நான் அவளுடைய சின்னம்மாவின் மகள், அடுத்த வளவுக்காரி. அன்றைக்கு அந்த முற்றத்தில் மணல் சுமந்தவளே நான்தான். என்னிடம் கேளுங்கள்.

அவளுடைய புருஷன் இளையதம்பி தெற்கே சுருட்டுக்கடை வைத்திருந்தவர். ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கடை எரிந்துபோக, உடுத்த வேட்டியோடு ஊருக்கு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு அதிக காலம் உயிரோடு இருக்கவில்லை. செல்லாச்சி ஒரே மகள் இராசேஸ்வரியை வைத்துக்கொண்டு புகையிலைத் தோட்டம் செய்தாள், பாய் இழைத்தாள், பெட்டி பின்னினாள். ஒருவரிடமும் போய்க் கை நீட்டவில்லை. கை நீட்டாதவளை ஊருக்குப் பிடிக்குமா? "அவளுக்குத் திமிர்" என்றார்கள். திமிர்தான். அது இல்லாவிட்டால் அவள் எப்போதோ செத்திருப்பாள்.

எழுபத்து நாலாம் ஆண்டு ஆவணியில் இராசேஸ்வரிக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை காரைநகர் ஏரம்பரின் மகன், வாத்தியார். முகூர்த்தம் இரவு. எங்கள் பக்கத்துக்கு மின்சாரம் அப்போது வரவில்லை. கலியாண வீடென்றால் பெற்றோமாக்ஸ் லைற்றுத்தான், அது இருந்ததோ கதிர்காமு வீட்டில் மட்டும். கதிர்காமு இளையதம்பியின் தமையன், கொழும்பில் உழைத்த பெரிய மனிசன். "வெளிச்சம் என்ரை பொறுப்பு" என்று நாலு பேர் கேட்க அவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

பிசகு எங்கே நடந்ததென்றால், கலியாணத்துக்குச் சொல்லப் போனதில்தான். தாலியறுத்தவள் சுபகாரியத்துக்குச் சொல்லப் போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். பாழாய்ப்போன வழக்கம்! அதனால் செல்லாச்சியின் தம்பி மார்க்கண்டுவும் பெண்சாதியும் போனார்கள். அந்த இரண்டு பேரும், வெயில் ஏறமுதல் முடித்துவிடலாமென்று, வழியில் கிடந்த வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டு, ஒழுங்கை முடிகிற தொங்கலில் இருந்த கதிர்காமு வீட்டுக்குக் கடைசியாகப் போனார்கள். மூத்தவர் வீட்டுக்குக் கடைசியில்! எங்கள் ஊரில் கொலையைக்கூட மன்னிப்பார்கள், இதை மன்னிக்கமாட்டார்கள். கதிர்காமு அப்போது வெற்றிலையை வாங்கி வைத்துக்கொண்டார்.

கலியாணத்தன்று காலையில் சொல்லியனுப்பினார்: லைற்றுக்கு மண்ணெண்ணெய் இல்லையாம். இல்லையாம்! அவருடைய மாட்டுக்கொட்டிலுக்குள் தகரம் தகரமாக எண்ணெய் நிற்பது ஊர்க் காகத்துக்கும் தெரியும். மற்றவர்களுக்குத்தான் அந்த நாளில் கடைகளில் ஒரு போத்தல் எடுக்க ஏலாது.

மார்க்கண்டு தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டான். பொழுதுபட மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும்போது வீடு இருண்டு கிடந்தால் என்ன சொல்வார்கள்? இவளுக்கு ஒரு நாதியும் இல்லை, சொந்தச் சனமே கைவிட்ட குடும்பம் என்பார்கள். அந்தச் சொல்லை இராசேஸ்வரி புகுந்த வீட்டில் ஆயுளுக்கும் சுமக்கவேண்டும்.

"அக்கா, ஒருக்கால் போய் கதிர்காமு அத்தானிட்டைத் தயவாக் கேளன். அவர் அதுக்குத்தான் பாத்துக்கொண்டிருக்கிறார்" என்றான் மார்க்கண்டு.

"அது எனக்குத் தெரியாதோ? காலிலை விழுந்து வாங்கிற வெளிச்சத்திலை என்ரை பிள்ளையின்ரை கழுத்திலை தாலி ஏற வேண்டாம்."

அப்போதுதான் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மேரிஜோசப்பின் என்றவள் வாய் திறந்தாள். பின் ஒழுங்கைக்காரி, கத்தோலிக்க வேதக்காரப் பெண், செல்லாச்சியின் உயிர்ச் சிநேகிதி. "அக்கா, எங்கடை அண்ணை மாதா திருநாளுக்கு வார்த்த மெழுகுதிரி பெட்டி பெட்டியா மிஞ்சிக் கிடக்கு. கொண்டு வரட்டோ?"

எங்கள் பெரியமாமி வாயில் அடித்துக்கொண்டாள். "சிவசிவா! இதென்ன கலியாண வீடோ, சவக்காலையோ?"

"மணவறையிலை குத்துவிளக்கு எண்ணெயிலைதான் எரியும், மாமி. முற்றத்திலை எது எரிஞ்சாலும் வெளிச்சம்தான். நீ போய் எடுத்துக்கொண்டு வா, பிள்ளை" என்றாள் செல்லாச்சி.

வந்தது திரி. ஆனால் ஆவணிச் சோழகக் காற்று சும்மா விடுமா? வேலிக் கதியாலில் ஒன்றை ஏற்றி வைத்தோம், கையை எடுக்கமுதல் அணைந்து நூர்ந்துபோனது. சிரட்டைக்குள் வைத்தோம், அதுவும் நூர்ந்தது. பெரியமாமிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. செல்லாச்சி பந்தலுக்கு வெட்டிக் கிடந்த பனங்குருத்தில் ஓர் ஓலையைக் கிழித்தாள், மடித்தாள், முடிந்தாள். ஆழமான பிளா ஒன்று கையில் நின்றது.

"ஐயோ அக்கா, அது கள்ளுக் குடிக்கிற பிளாவெல்லோ!" என்று நான் கத்திவிட்டேன்.

"அதுக்கு நானென்ன கள்ளே வார்க்கப்போறன்? நீ மண்ணை அள்ளி வா."

அடியில் ஈர மணல், அதற்குள் குத்திய மெழுகுதிரி, சுடருக்கு மேலே நாலு விரல் உயரத்துக்குப் பச்சைக் குருத்தோலை. காற்று மேலால் போனது, சுடர் அசையாமல் நின்றது. பிறகு கேட்க வேண்டுமா? ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும் சம்மணம் கட்டி இருந்து மடித்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எங்களில் பலருக்குப் பிளா மடிக்க நன்றாகவே தெரிந்திருந்தது! கொஞ்ச நேரத்தில் பெரியமாமியும், "உது வடிவில்லை, இப்பிடி மடியுங்கோ" என்றபடி வந்து குந்தினாள். கிணற்றுக்கட்டு, விறாந்தை விளிம்பு, மாங்கொம்பு, வாசல் படலையிலிருந்து சந்தி வரைக்கும் இருபக்க வேலி என்று ஓரிடம் மிச்சம் விடவில்லை.

பொழுதுபட்டது. ஏற்றினோம். குருத்தோலைக்குள்ளால் வந்த வெளிச்சம் பழுத்த மாம்பழ நிறத்தில் ஒழுங்கை முழுதும் பரவியது. நான் பிறந்து வளர்ந்த ஒழுங்கைதான், எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டாரின் கார்கள் சந்தியிலேயே நின்றுவிட்டன. ஏரம்பர் இறங்கினார். காரை அங்கேயே விடச் சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து நடந்தே வந்தார். சனம் முழுதும் அவருக்குப் பின்னால் நடந்தது. படலையடியில் நின்று, "கோயில் திருவிழாவுக்கும் நான் இப்பிடிக் காணேல்லை" என்றார்.

அந்த நேரம் பார்த்து, "ஸ்ஸ்" என்ற இரைச்சலோடு கதிர்காமு வந்தார். கையில் ஏற்றிய பெற்றோமாக்ஸ். வீடு இருண்டு கிடக்கும், எல்லோரும் தவிப்பார்கள், தான் போய் மானத்தைக் காப்பாற்றலாம் என்று காத்திருந்த மனிசன்! அந்த வெள்ளை வெளிச்சம் பட்டதும் முற்றத்துச் சுடரெல்லாம் மங்கிப்போயின.

"ஆரப்பா அது? உந்த லைற்றை நூருங்கோ! கண் கூசுது, ஒண்டும் தெரியேல்லை" என்றார் ஏரம்பர்.

கதிர்காமு தன் கையாலேயே திருகி நூர்த்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்வானேன்?

"எங்கை சம்பந்தி?" என்று கேட்டார் ஏரம்பர். தாலியறுத்தவள் முன்னுக்கு வரமாட்டாள், குசினிக்குள் நிற்கிறாள் என்று மார்க்கண்டு மென்று விழுங்கினான். "இந்த வரவேற்பைச் செய்தவ குசினிக்கையோ? கூப்பிடும் அவவை!"

செல்லாச்சி வெள்ளைச் சேலையில் கையைத் துடைத்தபடி வந்தாள். "சம்பந்தி, நீங்கள் வாசலிலை நிண்டு கூப்பிட்டால்தான் என்ரை மகன் உள்ளுக்கு வருவான்" என்றார் ஏரம்பர். பெரியமாமி கண்ணைத் துடைத்து மூக்கைச் சீறினாள். நான் விம்மி அழுதேவிட்டேன்.

செல்லாச்சி வாசலுக்கு வந்தபோது, நூர்ந்த லைற்றோடு ஒதுங்கி நின்ற கதிர்காமுவைக் கண்டாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

"வாங்கோ அத்தான்" என்றாள் மரியாதையாக. "நல்ல நேரம் வந்தியள். சமையல்காரர் இருட்டுக்கை நிண்டு அந்தரப்படுகினம். லைற்றைக் குசினிக்குக் கொண்டுபோங்கோ."

கதிர்காமு லைற்றைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார். செல்லாச்சி வாசலில் நின்று, "வாங்கோ தம்பி" என்று மருமகனைக் கூப்பிட்டாள்.