சர்வர் எழுதிவச்ச பேரு

ஈஸ்வர் அண்ணன் வாயில இருந்து "முடியாது"ங்கிற சொல்லு வந்து ரொம்ப நாள் வரைக்கும் நான் கேட்டதே இல்ல. நாகல் நகர்ல வீடு. காலையில பிரியாணிக் கடை பில் மெஷின், மத்தியானம் ரெட்டியார்சத்திரம் விதைக்கடை கம்ப்யூட்டர், சாயங்காலம் சின்னாளபட்டியில எங்க சேலைக் கம்பெனின்னு ரிப்பேர் பாக்க பைக்குலயே அலையிற மனுசன். யாரு கூப்பிட்டாலும் "சரிங்க, வாரேன்". உக்காந்து சோறு திங்கிறதுக்குள்ள அடுத்த போன் வந்துரும். ஒரு நாளாச்சும் வீட்ல கெடங்கண்ணேன்னு நானே திட்டியிருக்கேன். அதுக்கும் சரிங்கம்மாம்பாரு.

நான் மரியசெல்வி, அந்தக் கம்பெனியில பில் போடுறவ. எங்க டிசைன், ஆர்டர், கணக்கு எல்லாம் ஒரே சர்வர்லதான் கெடக்கும். ஆளாளுக்கு அவங்கவங்க கம்ப்யூட்டர்ல இருந்து அதைத் திறந்து வேலை பாப்போம். உள்ள போக எல்லாருக்கும் ஒரே பேரு, மொதலாளியோட குலசாமி பேரு. ஆளுக்கொரு பேரு குடுத்து, யாரு எதைத் தொட்டாங்கன்னு சர்வரே எழுதி வைக்கிற மாதிரி லாக்குன்னு ஒரு குறிப்பேடு போட்டு விடுறேன்னு ஈஸ்வர் அண்ணன் வந்த நாள்ல இருந்து சொல்லிக்கிட்டிருந்தாரு. நம்ம புள்ளைகளுக்கு எதுக்குப்பா வேவுன்னுட்டாரு மொதலாளி தண்டாயுதபாணி. அண்ணனும் சரிங்கன்னுட்டாரு.

ஒரு சனிக்கிழமை வந்து பாத்தா, பொங்கலுக்கு வரைஞ்ச சுங்குடி டிசைன் ஃபோல்டரையே காணோம். வரைஞ்சவ பொன்னழகு. அவ வேற கம்பெனியில வேலை விசாரிச்சது ஏற்கெனவே மொதலாளி காதுக்கு வந்திருந்துச்சு. டிசைனை அங்க குடுத்துட்டு இங்க அழிச்சிட்டான்னு அவராவே தீர்ப்பு சொல்லிட்டாரு. யாருன்னு தெரியிற வரைக்கும் வராதன்னு அனுப்பியும் விட்டுட்டாரு. அவ அப்பா படுத்த படுக்கை, அவ சம்பளத்துலதான் வீட்ல உலை கொதிக்குது. திருட்டுப் பட்டத்தோட போனா வேற எவன் வேலை குடுப்பான்?

ஈஸ்வர் அண்ணனைக் கூப்பிட்டு யாருன்னு கண்டுபுடின்னாரு மொதலாளி. எழுதச் சொல்லியிருந்தாத்தான சர்வர் எழுதியிருக்கும், பழசு எதுவும் இல்லீங்கன்னாரு அண்ணன். அப்ப இப்பப் போடுன்னாரு மொதலாளி. வெள்ளம் போனப்புறம் அணை கட்டுற கதை! சரிங்கன்னு அதையும் போட்டாரு. எல்லாருக்கும் தனித்தனிப் பேரு குடுத்தாரு. எல்லாத்தையும் எழுதுன்னு மொதல்ல சொல்லிவச்சதுல, ஒரு ஃபோல்டரை எட்டிப் பாத்தாக்கூட சர்வர் எழுதி, மதியத்துக்குள்ள எதையும் தேட முடியாத அளவுக்குக் குப்பை சேந்துருச்சு. மறுபடி உக்காந்து, அழிக்கிறது, பேரு மாத்துறது மட்டும் எழுதுற மாதிரி குறைச்சாரு. முடிக்கிறதுக்குள்ள உக்காந்த வாக்குலயே தலை தொங்கிருச்சு. பாக்கவே பாவமா இருந்துச்சு.

அடுத்த சனிக்கிழமை ஆர்டர் போட்டோ ஃபோல்டரைக் காணோம். பொன்னழகு கம்பெனிப் பக்கமே வரல. அண்ணன் வந்து அந்த லாக் குறிப்பைத் திறந்து பாத்துட்டு, நேரா மொதலாளி ரூமுக்குப் போனாரு. பில்லுல கையெழுத்து வாங்க நானும் அங்கதான் நின்னேன். முந்தின நாள் சாயங்காலம் அழிச்சிருக்கிறது உங்க பேருலதான் இருக்குங்கன்னு மெதுவாச் சொன்னாரு.

வெள்ளிக்கிழமையானா மொதலாளி மேசையைத் துடைச்சு, வேண்டாத காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டுத்தான் சாம்பிராணி காட்டுவாரு. கம்ப்யூட்டரையும் அப்படித்தான் சுத்தம் பண்ணிக்கிட்டிருந்திருக்காரு. என் கம்ப்யூட்டர்ல தெரியிறதைத்தானப்பா அழிச்சேன், சர்வர்ல அது பாட்டுக்கு இருக்கும்லன்னாரு. இல்லீங்க, எல்லாரும் பாக்குறது அந்த ஒண்ணைத்தான்னாரு அண்ணன். மொதலாளி மொகம் செத்துப்போச்சு. பொங்கல் டிசைன் போனதும் வெள்ளிக்கிழமைதான். அது அங்க இருந்த மூணு பேருக்கும் புரிஞ்சுபோச்சு.

"சரி, அதுல எம்பேரை மட்டும் எடுத்துருப்பா."

வழக்கமான "சரிங்க"வுக்குத்தான் நான் காத்திருந்தேன். அண்ணன் கண்ணைக் கசக்கிக்கிட்டு நிமிந்தாரு.

"முடியாதுங்க. உங்க பேரை எடுத்துட்டா, பழிக்கு மிச்சம் நிக்கிறது அந்தப் பொன்னழகுப் புள்ள பேருதான்."

மொதலாளி போனை எடுத்தாரு. தப்பு எம்மேலதாம்மா, திங்கக்கிழமை வந்துருன்னு எங்க முன்னாடியே பொன்னழகுகிட்டச் சொன்னாரு. அவ வந்தா. போன டிசைனை மறுபடி வரையவும் உக்காந்துட்டா.

அடுத்த மாசம் சர்வர் மக்கர் பண்ணுனப்ப வந்தது வேற ஆளு. ஈஸ்வரைக் கூப்பிட வேணாம்னுட்டாராம் மொதலாளி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. நாகல் நகர் பக்கம் போனப்ப அண்ணனைப் பாத்தேன். ஒரு வேலை போச்சே, வருத்தமா இல்லியாண்ணேன்னு கேட்டேன்.

"ஒரு எடம் குறைஞ்சுச்சும்மா. அன்னைக்கு வீட்ல உக்காந்து சோறு தின்னேன்."