பலகை சுமந்த சிப்பாய்

படத்துக்குச் சட்டம் போடுகிற கடைக்காரிக்கு ஊரில் யார் செத்தாலும் ஒரு வாரத்துக்குள் முகம் தெரிந்துவிடும். ஜமுனாமரத்தூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பதினெட்டு வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு. நீங்களும் கடை வைத்திருப்பவராக இருந்தால் இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வருகிறவர்கள் மனசில் இருப்பதையும் நம் மேஜைமேல் இறக்கி வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

அருவி பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்கும் ஏதாவது விற்கலாமே என்று எனக்கு ஓர் ஆசை. வேலூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் உலகப்போர்க் காலத்துப் பத்திரிகைக் கட்டு ஒன்று கிடைத்தது. அதிலிருந்த கேலிச்சித்திரங்களைப் பெரிதாக்கி, கெட்டித் தாளில் அச்சடித்து, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். அதிகம் விற்றது ஒன்றுதான். மூன்று நாட்டுத் தலைவர்கள் உலக வரைபடத்தை வாழையிலையாக விரித்துப் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் வாயில் சுருட்டு, ஒருவருக்குத் துண்டு மீசை, மூன்றாமவருக்குத் தொப்பை. அவர்கள் உட்கார்ந்திருக்கும் பலகையைக் கீழே பத்துப் பன்னிரண்டு சிப்பாய்கள் தோளில் சுமந்துகொண்டு நிற்பார்கள்.

சுருட்டுக்காரருக்கு வைத்த பூ

மாட்டிய முதல் வாரம் ஓர் அம்மா மகன் படத்தோடு வந்தார். மலைப்பாதை வளைவில் பைக்கோடு போய்விட்ட பையன். கண்ணாடி அறுக்கும் கோவிந்தன் அளவெடுத்துக் கொண்டிருந்தபோது, அவர் சுவரையே பார்த்தார். என் கடைச் சுவரில் இருப்பவர் என்றாலே செத்தவர் என்பது இங்கே எல்லாருக்கும் பழகிப்போன கணக்கு. மகன் படத்துக்கென்று கொண்டுவந்த கனகாம்பரத்தில் கொஞ்சம் கிள்ளி, அந்தச் சுருட்டுக்காரருக்கு நேராகச் சட்டத்தில் செருகினார்.

தடுக்க எனக்கு மனசு வரவில்லை. யார் இவர் என்று கேட்டார். அந்தக் காலத்தில் சண்டை நடத்திய பெரிய தலைவர் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இவுருக்கு வயசாயிடுச்சி, பரவால்லீங்க. எம்புள்ளைக்கு இருவத்திரண்டுதாங்க.”

ஓட்டலுக்கு வேண்டிய பாதி

பெங்களூரில் புதிதாக ஓட்டல் திறக்கப் போகிற ஒருவருக்கு இதே படம் பிடித்துப் போனது. ஆனால் மேல்பாதி மட்டும் வேண்டுமாம். படத்தின் விஷயமே கீழ்ப்பாதியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார். வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொண்டு, பலகைக்கு மேலாக வெட்டிக் கொடுத்தேன். வாடிக்கையாளர் தெய்வம் என்று யார் சொன்னாரோ, அவர் கடை வைத்திருக்க மாட்டார். மீந்த சிப்பாய்களைக் குப்பையில் போடக் கை வரவில்லை. மேஜை ஓரத்தில் கிடந்தார்கள்.

காரில் ஏறும்போது அவர் எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்:

“கீழ இருக்கிறவங்க ரொம்ப சோகமா இருக்காங்க மேடம். சாப்பிடற எடத்துல அது வேணாம்.”

வெட்டிப்போட்ட துண்டு

அடுத்த சந்தை நாளில் மழை பிடித்துக்கொண்டது. புளி விற்றுவிட்டு வந்த ஒரு பெரியவர் கடைக்குள் ஒதுங்கினார். எண்பதைத் தாண்டியவர். மேஜைமேல் கிடந்த துண்டைப் பார்த்து, இவர்கள் யார் என்று கேட்டார். அந்தப் பெரிய சண்டைக்குப் போன சிப்பாய்கள் என்று சொன்னேன். உடனே உட்கார்ந்துவிட்டார்.

அவர் அம்மா வயிற்றில் இருக்கும்போதே அப்பா பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போனாராம். அதற்குப் பிறகு கடுதாசியும் இல்லை, ஆளும் இல்லை. வீட்டில் அம்மா படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறாராம். மாட்டத்தான் முகம் இல்லை. கண்ணை மூடுவதற்குள் அதில் ஒரு முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றார். துண்டின் ஓரத்தில் காது விடைத்த ஓர் ஒல்லிச் சிப்பாய் நின்றான். பெரியவர் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, இவரை மட்டும் தனியாகப் போட்டுத் தர முடியுமா என்றார்.

பொய் சொல்லி விற்க எனக்கு வராது. இது யாரோ மனசுக்குத் தோன்றியபடி வரைந்தது, உங்கள் அப்பா இல்லை என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

“தெரியும்மா. எங்கப்பாவும் எனக்குக் காதால கேட்டவருதான்.”

பழக்க தோஷம்

பெரிதாக்கினால் கண் இரண்டும் வெறும் புள்ளியாகப் போய்விடும் என்று கோவிந்தன் பயந்தான். அளவோடு பெரிதாக்கி, நல்ல தேக்குச் சட்டம் போட்டோம். அத்தனை பார்த்துப் பார்த்துச் செய்த நான், கடைசியில் ஒரு காரியம் செய்தேன். அப்பா, தாத்தா படம் என்றால் சந்தனச் சீவல் மாலையைச் சுற்றி ஆணி அடித்துத்தான் கொடுப்பேன். கை தானாகச் செய்துவிடும். இதற்கும் செய்துவிட்டது.

பெரியவர் வந்தார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தார். பிறகு மாலையைத் தொட்டார். அவருடைய அம்மா கடைசிவரை பொட்டு அழிக்கவில்லையாம், தாலியோடுதான் அடக்கம் செய்தார்களாம். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது. அவரோ என்னிடம் ஏதோ உதவி கேட்பவர்போல மெதுவாகச் சொன்னார்:

“மாலைய எடுத்துடும்மா. செத்துட்டாருன்னு எங்க வூட்டுக்கு இன்னும் யாரும் வந்து சொல்லல.”

கோவிந்தன் ஆணியைப் பிடுங்கினான், நான் அழுதேன். இந்தப் பதினெட்டு வருடத்தில் என் கடைக்குப் படமாக வந்த அப்பாக்களில் உயிரோடு வீட்டுக்குப் போனவர் அவர் ஒருவர்தான்.