என் பெயருக்கு மட்டும் ஒரு பிரேக்பாயின்ட்

திருவட்டாறில் என் பெரியம்மை கல்யாணத் தரகு பார்த்தாள். தரகு என்று சொன்னால் அடிக்க வருவாள். ‘திருமணத் தகவல் மையம்’ என்று வாசலில் போர்டு தொங்கியது. எங்கள் சபைப் பிள்ளைகளின் படம், படிப்பு, உயரம் எல்லாம் பின்னறையில் இருந்த என் கம்ப்யூட்டரின் டேட்டாபேஸ் சர்வரில் கிடந்தன. பெரியம்மை முன்னறையில் உட்கார்ந்து தேடுவாள், என் பெட்டி பதில் சொல்லும். நடுவில் ஒரு நீலக் கேபிள். எனக்குக் கூலி, அவள் வைக்கும் மீன்குழம்பு. அந்தப் படங்களுக்கு நடுவே என் படத்தையும் அவளே ஏற்றி வைத்திருந்தாள்.

திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி என்னை எடுத்திருந்தது. இதே டேட்டாபேஸ் சர்வரின் உள்ளே கைவைக்கும் வேலை, அடுத்த மாதம் சேர வேண்டும். போன முதல் நாளே முழிக்கக் கூடாதே என்று, சர்வரின் மூல நிரலை இறக்கி, அதை ஓடும் நிரலாகக் கட்டவும் பிழை தேடவும் ஐ.டி.இ. என்ற மென்பொருளை அந்தப் பின்னறைப் பெட்டியிலேயே அமைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஒரு துபாய் மாப்பிள்ளையின் அம்மா பெண் தேடிச் சனிக்கிழமை வருகிறாள் என்றார்கள். பையனுக்கு ஒரு மாத லீவு. பெண் படித்திருக்க வேண்டுமாம், ஆனால் வேலைக்குப் போகக் கூடாதாம். என் படத்தை அந்த அம்மாள் பார்த்தால் என் வீட்டார் மண்டபம் பிடித்துவிடுவார்கள். வேலை அதோடு போச்சு. எனக்கு வந்த எரிச்சலில் ஐ.டி.இ. அமைக்கும் வேலை திடீரென்று சூடுபிடித்தது.

பிரேக்பாயின்ட் என்பது ஓடும் நிரலை நாம் சொன்ன வரியில் நிற்க வைப்பது. சர்வர் ஆட்களை ஒவ்வொருவராக எடுத்துப் பார்க்கும் வரியில் ஒன்றை வைத்தேன். பதிவு எண் என்னுடையதாக இருந்தால் மட்டும் நில் என்று நிபந்தனையும் போட்டேன். முதலில் அது நிற்கவே இல்லை. முன்னறைத் திரை ஒவ்வொன்றுக்கும் சர்வர் தனியாக ஒரு பிள்ளை நிரலைப் பெற்று வேலைக்கு விடுமாம், நானோ தாயைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையைப் பிடித்த பிறகு நின்றது. ஆனால் வரி முன்னும் பின்னும் குதித்தது. கட்டும்போது வேகத்துக்காக நிரலில் தானாக நடக்கும் திருத்தங்களை அணைத்துவிட்டு மறுபடி கட்டினேன். ஃபேன் அலறி ஓய்ந்தபோது சர்வர் நான் சொன்ன பேச்சைக் கேட்டது.

சனிக்கிழமை அந்த அம்மாள் வந்தாள். பெரியம்மை தேடினாள். திரை அப்படியே உறைந்தது.

“ஏட்டி, பெட்டி அனங்கல்ல, வந்து பாரு!”

போனேன். கேபிளைப் பிடுங்கிச் சொருகி, முகத்தைச் சுளித்து, “கொஞ்சம் நேரம் ஆவும் பெரியம்மா” என்றேன். அந்த அம்மாள் சலித்துப்போய்க் கிளம்புவாள் என்பது என் கணக்கு. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டாள். பெரியம்மை என்னையே சாயா கொண்டுவரச் சொன்னாள். பிறகு பழம்பொரி. பிறகு இன்னொரு பழம்பொரி. பெட்டியைப் பார்க்க வேறு நடுநடுவே வந்துபோனேன். என் படம் பின்னறையில் பத்திரமாக நிற்க, நான் தட்டும் கையுமாக அவள் முன்னால் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தேன்.

“இந்தப் பிள்ளைக்கு ஆளு பாத்தாச்சா?” என்றாள் அந்த அம்மாள்.

பெரியம்மை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏட்டி, நீ உள்ள என்னத்தையோ பிடிச்சு வச்சிருக்கியா? போய் விட்டுட்டு வா.”

போய் ‘தொடர்’ பொத்தானை அழுத்தினேன். முன்னறையில் படங்கள் வரிசையாக வந்தன. திரும்பி வந்து எட்டிப் பார்த்தேன். கடைசிவரை என் படம் இல்லை.

“இவ இதுல இல்லியே?” என்றாள் அந்த அம்மாள்.

“இவளுக்கு நிச்சயமாச்சு. திருவனந்தபுரத்துல” என்றாள் பெரியம்மை, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அந்த அம்மாள் வேறு இரண்டு படங்களை எடுத்துக்கொண்டு போனாள். கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் பெரியம்மை என் பக்கம் திரும்பினாள்.

“ஒனக்கு வேல கெடச்ச அன்னிக்கே ஒனக்க பேருக்கு நேர ‘நிச்சயமாச்சு’ன்னு போட்டாச்சு. தேடினா நீ வரமாட்ட. நீ எதுக்குட்டி பெட்டிய நிறுத்தின?”

சர்வர் எல்லாரையும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாதவர்களைத் தள்ளும். எப்படியும் தள்ளப்படப்போகிற என்னைத் தள்ளுவதற்கு முன்பே நிறுத்தி, சாயாவோடு நானே காட்சிக்குப் போயிருக்கிறேன். பெரியம்மையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

“தள்ளிப் போ ஏட்டி. ஒரு வருசம்தான். அது கழிஞ்சா நானே அத மாத்துவேன் கேட்டியா” என்றாள்.

அன்று சாயங்காலமே பிரேக்பாயின்டை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டேன். சர்வர் ஒருவரின் விவரத்தைத் திருத்தி எழுதும் வரியைத் தேடிப்பிடித்து, அங்கே வைத்தேன். நிபந்தனை பழையதுதான்: என் பதிவு எண் என்றால் மட்டும் நில்.