துறைமுகத்தைத் தாண்டாத விமர்சனம்

என் மனைவியின் தம்பிக்குச் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை. ஏறினால் மாதக்கணக்கில் தண்ணீர்தான். அவன் கிளம்புகிற வாரம் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பெட்டி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். உடன்குடிக் கருப்பட்டி, மாசிப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், நொறுங்காமல் துணி சுற்றிய மக்ரூன் டப்பா எல்லாம் அவன் அக்காவின் பொறுப்பு. என் பொறுப்பு ஒன்றே ஒன்று: கம்ப்யூட்டர் விளையாட்டு.

சிரிக்க வேண்டாம். அவன் போகிற கப்பல்களில் கிடைக்கிற நெட்டில் வீட்டுக்கு ஒரு போட்டோ அனுப்புவதே பெரும்பாடு. கரையில் இருக்கும்போது லேப்டாப்பில் எதை ஏற்றிக்கொண்டு போகிறானோ, அதுதான் இறங்குகிற வரைக்கும் அவனுக்குச் சினிமா, திருவிழா, சேக்காளி எல்லாம். லேப்டாப்போ பழசு. பெரிய விளையாட்டு ஒன்று உள்ளே உட்கார்ந்துவிட்டால் இன்னொன்றுக்கு நிற்க இடமில்லை. வெளியே தனி டிஸ்க்கில் போட்டு ஓட்டிப் பார்த்தோம். மேட்டில் ஏறுகிற பார வண்டி மாதிரி முக்கி முக்கி நின்றுவிட்டது.

முன்பு அவனுக்கு நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது ஒரு விண்வெளிக் கதை. ஓட்டைக் கப்பல் ஒன்றை வைத்துக்கொண்டு கிரகம் கிரகமாகப் போக வேண்டும். போகிற இடத்தில் ஆள் சேர்க்கலாம், சுடலாம், அடிபடலாம். அடிபட அடிபடத் தேறி வரலாம். யாரிடம் என்ன சொல்கிறோமோ அதற்குத் தக்கபடி கதை திரும்பும். அதை அவன் சலிக்கச் சலிக்க ஆடியிருக்கிறான். இப்போது அதன் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. முதல் பாகத்தை அழித்தால்தான் இரண்டாவதை ஏற்ற முடியும். அவனுக்கோ மெடிக்கல், பேப்பர் என்று தினமும் அலைச்சல்.

“அத்தான், நீங்க ஆடிப் பாத்துட்டுச் சொல்லுங்க,” என்றான். “நல்லாயில்லாதத ஏத்திட்டுப் போயிட்டேன்னா, நடுக்கடல்ல போயி நான் யாருட்டச் சொல்ல?”

இப்படி ஒரு வார்த்தையை ஒருத்தன் நம்மை நம்பிச் சொன்னால் நெஞ்சு நிமிராமல் என்ன செய்யும்? என் படிப்பு பத்தாவதோடு நின்றது. இங்கிலீஷ் நான் கற்றது கண்டெய்னர் கதவுகளில் எழுதியிருப்பதைப் படித்தும், விளையாட்டுகளில் அடியில் ஓடுகிற எழுத்தைப் பார்த்தும்தான். ஆனால் எங்கள் கண்டெய்னர் யார்டில் எந்த விளையாட்டு நல்லது என்று கேட்டால் என் பக்கம்தான் கையைக் காட்டுவார்கள். விமர்சனத்தை நான் எழுத மாட்டேன், வாட்ஸாப்பில் பேசி அனுப்புவேன். அதை எல்லாரும் இரண்டு மடங்கு வேகத்தில் வைத்துத்தான் கேட்கிறார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரிந்த பிறகு நான் சற்று நிதானமாகப் பேச ஆரம்பித்தேன். அவர்களுக்குப் புரிய வேண்டுமே.

இரண்டாம் பாகத்தைத் திறந்ததும் முதலில் வந்தது ஒரு துறைமுகம். கிரகம் ஒன்றின் ஓரத்தில், ஆகாசத்தில் தொங்குகிற துறைமுகம். அங்கேதான் என் விமர்சனம் தரை தட்டியது.

என் வேலையைச் சொன்னால்தான் இது விளங்கும். யார்டுக்குள் வருகிற ஒவ்வொரு கண்டெய்னரையும் சுற்றி வந்து, எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே துரு தின்றிருக்கிறது, கதவு சீல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. வருஷக்கணக்காக அதையே பார்த்த கண், சாமி கும்பிடப் போன இடத்திலும் தகரத்தைக் கண்டால் நிற்கும். விளையாட்டில் பார்த்தால், எத்தனையோ நூற்றாண்டு கழித்து நடக்கிற கதையாம், அங்கேயும் கண்டெய்னர்கள். அதுவும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தாறுமாறாக அடுக்கி, நடுவில் பூட்டு ஒன்றுகூட மாட்டாமல். எனக்கு மனசு கேட்கவில்லை. அடுக்கடுக்காகச் சுற்றி வந்தேன். பாரமான பெட்டியை மேலே ஏற்றி, காலிப் பெட்டியை அடியில் வைத்திருக்கிறார்கள். எங்கள் யார்டில் அப்படி அடுக்கினால் அடுத்த ஷிப்டுக்கு ஆள் வேலையில் இருக்க மாட்டான்.

இதற்கிடையில் என் கூட்டாளியாக வருகிற ஒரு பெண், விண்கப்பல் வாசலில் நின்றுகொண்டு, உடனே கிளம்பவில்லை என்றால் கிரகமே அழிந்துவிடும் என்று கத்திக்கொண்டிருந்தாள். நான் பல சாயங்காலங்கள் அந்தத் துறைமுகத்திலேயே இருந்தேன். கிரகம் பொறுமையாகத்தான் இருந்தது.

கண்டெய்னர் போதாதென்று ஆட்கள் வேறு. யாரைத் தொட்டாலும் பேசினார்கள். சுமை தூக்குகிறவள் ஒருத்தி, வாசல் காவல்காரன், கப்பலைத் தவறவிட்டு மூட்டையோடு உட்கார்ந்திருக்கும் கிழவர். அந்த ஊரில் மூச்சு விடுகிற காற்றுக்கும் விலை உண்டு. அதைப் பற்றி அந்தச் சுமை தூக்குகிறவள் ஒன்று சொன்னாள். தமிழில் எனக்குள் அது இப்படி வந்து விழுந்தது: “காத்த விலைக்கு வாங்குத ஊர்ல ஒருத்தரும் பெருமூச்சு விட மாட்டாவ.” நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம் ஊர்க்காரி சொல்கிற மாதிரியல்லவா இருக்கிறது? மறுநாள் யார்டில் எல்லாரிடமும் சொன்னேன். மத்தியானத்துக்குள் கண்டெய்னர் தூக்குகிற ரீச் ஸ்டேக்கர் வண்டியை ஓட்டுகிறவர் என்னைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொள்ள ஆரம்பித்தார்.

இந்த மாதிரி விளையாட்டுகளில் ஆள் தேறுகிறபோது புள்ளிகள் கொடுப்பார்கள். சண்டையில் போடலாம், கவசத்தில் போடலாம், இயந்திரம் பழுது பார்ப்பதில் போடலாம். பேச்சுத் திறமை என்றும் ஒன்று உண்டு. அதைக் கூட்டினால் ஆட்கள் இன்னும் அதிகமாகப் பேசுவார்கள் என்று போட்டிருந்தது. வேறு யோசனையே எனக்கு வரவில்லை. வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அவன் கிளம்புவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, நாசரேத்து ஊரில் கோயில் ஆராதனை முடிந்து லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். சாப்பிடும்போது கேட்டான், சண்டை எப்படி என்று. இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்றேன். கதை எப்படி என்றான். தொடக்கம் நன்றாக இருக்கிறது என்றேன். எத்தனை கிரகம் போனீர்கள் என்றான். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர். திருதிருவென்று முழிக்கிற முகத்தை வகுப்பின் கடைசி வரிசையிலேயே கண்டுபிடிப்பாள், எதிர் இலையில் இருப்பதைக் கண்டுபிடிக்க மாட்டாளா?

“ஏலே, அத்தான் இன்னும் ஹார்பரத் தாண்டலலே,” என்றாள் தம்பியிடம். “பெட்டி எண்ணிக்கிட்டு இருக்காவ.” பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் குரல் தணிந்தால்தான் எனக்குப் பயம். “அவன் அங்கன தனியா கெடந்து அல்லாடுதான். உங்களுக்கு வெளையாட்டா இருக்கு.”

விளையாட்டுத்தானே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. எனக்கும் சிலபோது புத்தி வேலை செய்யும்.

இலையை எடுத்த கையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவனும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டான். முதல் சண்டை. எதிரில் வந்தவன் சும்மா ஒரு கள்ளக்கடத்தல்காரன், கதையில் அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. ஒரே அடி, நான் மல்லாந்துவிட்டேன். மறுபடியும் எழுந்தேன், மறுபடியும் மல்லாந்தேன். சண்டையை ரொம்பக் கடினமாக வைத்துவிட்டார்கள், இது பெரிய குறை என்று தீர்ப்புச் சொல்லத் தொடங்கினேன்.

மச்சினன் திரையைக் கூர்ந்து பார்த்தான். “அத்தான், புள்ளியெல்லாம் எதுல போட்டிய?”

“பேச்சுல.”

“எல்லாத்தையுமா?”

அவன் சிரித்த சிரிப்பில் அடுக்களையிலிருந்து அவன் அக்கா எட்டிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் சிரிக்கவில்லை. “வேற எதுல போடுவாவ?” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் மௌஸை வாங்கினான். ஒளிந்தும் ஓடியும், அந்த நோஞ்சான் ஆளை வைத்தே கடத்தல்காரனை விழுத்தாட்டினான். சண்டை நல்லாத்தான் இருக்கு, முந்தினதை விடக் கை லேசாகப் போகிறது என்றான். அந்தக் குறையை நான் வாபஸ் வாங்கிக்கொண்டேன். துறைமுக வாசலில் இருந்த காவல்காரனை மட்டும் என் பேச்சுத் திறமை சமாளித்தது. அதிகாரம் செலுத்துகிற ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தேன், அவன் சலாம் போட்டுக் கதவைத் திறந்துவிட்டான். நான் மச்சினனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் பார்க்காத மாதிரி இருந்துகொண்டான்.

ஒருவழியாக விண்கப்பல் ஏறினோம். முதல் பாகத்தில் எனக்கு உயிர் எது என்றால் பயணம்தான். ஒரு கிரகத்திலிருந்து இன்னொன்றுக்கு மெல்லப் போவோம். சன்னலில் நட்சத்திரம் ஓடும். கூட்டாளிகள் உட்கார்ந்து ஒருத்தரை ஒருத்தர் வம்புக்கு இழுப்பார்கள். இங்கே வரைபடத்தில் ஊரைத் தொட்டு ஒரு பொத்தானை அமுக்கினேன். திரை கறுத்தது, வெளுத்தது. வந்துவிட்டோமாம். அடுத்த ஊர்த் துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது. நட்சத்திரமும் இல்லை, வம்பும் இல்லை.

எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. மூத்தது மோழை, இளையது காளை என்பார்கள், இங்கே தலைகீழாக அல்லவா இருக்கிறது என்று ஆரம்பித்தேன். கப்பல் கதையில் பயணத்தையே எடுத்துவிட்டால் பிறகு என்ன கப்பல்? கரைக்குக் கரை, ஊருக்கு ஊர், பேசுகிற ஜனம் பேசிக்கொண்டே இருக்கிறது. கடல் கண்டவனுக்கு இது சரிப்படாது. முதல் பாகமே இருக்கட்டும், அழிக்காதே. அப்படித் தீர்ப்புச் சொல்லி முடித்தபோது, நான் பேசியதிலேயே இதுதான் நேர்த்தியான விமர்சனம் என்று எனக்கே தோன்றியது.

அவன் நாற்காலியைத் திரைக்குப் பக்கமாக இழுத்தான்.

“பொத்தான அமுக்கினா ஊரு வந்துருதா?” என்றான்.

“ஆமா.”

“ஊருக்கு ஊரு இறங்கி நடக்கலாமா? இந்த ஹார்பர் மாதிரி, எம்புட்டு நேரம் வேணும்னாலும் நின்னு பேசலாமா?”

“பேசலாம். அதத்தான் நானும் சொல்லுதேன்...”

“அத்தான், நாங்க எறங்குறதே இல்ல.”

அதை அவன் குறையாகச் சொல்லவில்லை. கப்பல் கரையைத் தொட்டால்தான் இன்ஜின் அறைக்காரனுக்கு வேலை கூடும் என்றான். ஒரு மெஷின் திறந்து கிடக்கும், ஒன்று ஒழுகும், அதற்குள் சரக்கு இறங்கிக் கப்பல் கிளம்பிவிடும். எத்தனையோ ஊர் தொட்டிருக்கிறான், விளக்குத்தான் பார்த்திருக்கிறான். வேலை முடிந்து மேலே வந்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். கூட இருக்கிறவர்கள் ஆளாளுக்கு ஒரு பாஷை, ஆளாளுக்கு ஒரு மூடிய கதவு. முதல் பாகத்தில் அந்த மெல்லப் போகிற பயணம் வரும்போதெல்லாம் அவன் விளையாட்டை அப்படியே விட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போய்விடுவானாம்.

“பகல் பூரா கப்பல்ல போறேன். ராத்திரியும் அதுல உக்காந்து கப்பலா ஓட்டணும்?”

அத்தனை புள்ளியையும் பேச்சில் போட்டவனுக்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. கடல் கண்டவனுக்கு என்று தீர்ப்பெழுதினேனே, நான் கண்டது எந்தக் கடல்? கப்பல் இறக்கிவிட்டுப் போன தகரத்தைத் தடவிப் பார்க்கிறவன் நான். கரையில் கிடந்துகொண்டு நட்சத்திரத்துக்கு ஏங்கியது நான். அந்த ஏக்கத்தைத்தான் அவன் பெட்டியில் கட்டிக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

அவன் தன் லேப்டாப்பைத் திறந்தான். முதல் பாகத்தைத் தேடி எடுத்து, அழிக்கவா என்று அது கேட்டபோது விரல் ஒரு கணம் நின்றது. அதில் அவன் சேர்த்து வைத்த ஆட்கள் இருக்கிறார்கள். பிறகு அமுக்கிவிட்டான். என் கம்ப்யூட்டரிலிருந்து இரண்டாம் பாகத்தைக் கேபிள் வழியாக ஏற்றத் தொடங்கினோம். திரையில் பச்சைக் கோடு நத்தை மாதிரி நகர்ந்தது. அவன் அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏறுதா என்று கேட்டாள். ஏறுது என்றான்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? தீர்ப்பு போனால் போகட்டும், அனுபவம் இருக்கிறதே. ஏலே மாப்ள, அந்தத் துறைமுகத்தில் இறங்கினதும் நேராகக் கிரேன் பக்கம் போ, அங்கே சுமை தூக்குகிற ஒருத்தி இருப்பாள், அவளிடம் முதலில் காற்றைப் பற்றிக் கேள், அதற்குப் பிறகு மூட்டைக் கிழவரிடம் வா, அவர் கப்பலை எப்படித் தவறவிட்டார் என்றால் என்று நான் ஆரம்பிக்க, அவன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் முழங்கையைப் பிடித்தான்.

“ஒண்ணும் சொல்லிராதிய அத்தான்,” என்றான். “அவ்வளவையும் நானே போயிப் பேசிக்கிடுதேன்.”